ஆளுயரம் தாண்டி வளர்ந்த மரச்சீனியின் (மரவள்ளியின்) அடியில் கிழங்கு இல்லை: எங்கே பிழை செய்தேன்?

கேள்வி: கல்குளத்துப் புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் குமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் உள்ள அவருடைய பூர்விக வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைச் சுற்றி ஏழு சென்ட் நிலம் இருக்கிறது. அதில் நான்கு தென்னைகளும் ஒரு பலாவும் நிற்கின்றன, மேற்கு வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் ரப்பர் மரங்கள். மண் சரள் கலந்த செம்மண். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சென்னையில் கழித்த எனக்கு, தொட்டிச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர வேறு பயிர் அனுபவம் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியவுடன் 14 மரச்சீனிக் கம்புகளை நட்டேன். தெரிந்தவர் ஒருவர் வேறொரு மாவட்டத்திலிருந்து லாரியில் வந்த கம்புக் கட்டில் மிஞ்சியவற்றைக் கொடுத்தார், ரகத்தின் பெயர் அவருக்கும் தெரியவில்லை. ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தொழுவுரமும் இலைமக்கும் நிரப்பி, அதன் நடுவில் கம்பை ஊன்றினேன். தென்னைகளுக்கு இடையே ஆறு, பலாவின் கீழ் மூன்று, கூரைத் தண்ணீர் விழும் பின்சுவரை ஒட்டி ஐந்து என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நட்டேன். மாதம் ஒரு முறை, ஆறு மாதங்களுக்கு, செடிக்கு ஒரு பிடி யூரியா போட்டேன்.

செடிகள் வளர்ந்த வேகத்தைப் பார்த்து நான் மிகவும் பெருமைப்பட்டேன். பன்னிரண்டு அடி உயரம் போயின, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். சில செடிகளின் இலைகளில் மட்டும் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் தெரிந்தன, இலை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டும் இருந்தது. அது அந்த ரகத்தின் அழகு என்றே நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மாதம் கழித்து, இந்த ஜூனில், மழை பிடித்து ஒரு வாரம் ஆனபின் பிடுங்கினேன். இரண்டு மூடுகள் (செடிகள்) முன்பே பட்டுப்போயிருந்தன. ஐந்தில் விரல் பருமனில் வேர்கள் மட்டுமே இருந்தன. பின்சுவரை ஒட்டிய ஐந்தில் நான்கு மூடுகளின் கிழங்கு அழுகி, கிட்டே நிற்க முடியாத நாற்றம் அடித்தது. எஞ்சிய மூன்றில் மூடு ஒன்றுக்கு இரண்டு கிலோ அளவுக்குக் கிழங்கு கிடைத்தது, ஆனால் ஒரு மணி நேரம் வேகவைத்தும் அது குழையவில்லை. கடித்தால் நீர்த்த சுவை, அதோடு ஒரு கசப்பு. மனைவி முழுவதையும் தென்னை மூட்டில் கொட்டிவிட்டார்.

இந்த ஊரில் மரச்சீனி தானாகவே வளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தானாக வளர்வதைக்கூட என்னால் கெடுக்க முடிந்திருக்கிறது என்றால் அடிப்படையிலேயே ஏதோ பிழை இருக்கவேண்டும். அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: விளைக்காரன்

ஐயா, வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. செடி தானாக வளரும் என்பது உண்மை, கிழங்கு தானாக வராது. நம் ஊரைப் போல ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் மரச்சீனிக்கு இலையும் தண்டும் விடுவது மிக எளிது. அப்படி விட்ட இலை செய்யும் மாவில் எஞ்சியதைத்தான் அது வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நிழலும், அளவுக்கு மீறிய தழைச்சத்தும் (நைட்ரஜனும்), மூச்சு முட்டும் ஈரமும் சேர்ந்தால் எஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. பன்னிரண்டு அடி உயரத்தைக் கண்டு நீங்கள் மகிழ்ந்தீர்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கண்டிருந்தால் அப்போதே கவலைப்பட்டிருப்பார்கள்.

முதலில் வெயில். மரச்சீனி வெயில் குடிக்கும் பயிர். பலாவின் அடியில் நட்ட மூன்றும், வயதான தென்னைகளின் இடையில் நட்டவையும் ஒளியைத் தேடி மேலே ஓடியிருக்கின்றன. உங்களுக்கு விரல் பருமனில் வேர் கிடைத்த மூடுகள் பெரும்பாலும் அந்த நிழல் மூடுகளாகத்தான் இருக்கவேண்டும், நினைவுபடுத்திப் பாருங்கள். ஏழு சென்ட் முழுவதையும் நடவேண்டியதில்லை. முழு வெயில் விழும் ஒரு சென்ட் கிடைத்தால்கூடப் போதும். மூடுக்கு மூடு மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்ட்டில் ஏறத்தாழ 50 மூடு நடலாம். இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு அதில் பாதியே அதிகம்.

இரண்டாவது, குழி. இதை நான் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியூரிலிருந்து வந்து நடுபவர்கள் எல்லாரும் தவறாமல் செய்யும் பிழை இது. மழை குறைந்த ஊரில் குழி தண்ணீரைத் தேக்கி வைக்கும், அது அங்கே நன்மை. இங்கே ஜூன், ஜூலையில் ஒரு சுற்று, மறுபடி அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தின் ஒரு சுற்று என்று ஆண்டில் இருமுறை மழை பிடிக்கும்போது, சரள் மண்ணில் வெட்டி மக்கு நிரப்பிய குழி ஒரு கிண்ணம்போல நீரைப் பிடித்துக்கொள்ளும். கிழங்குக்குக் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் மண்ணில் உள்ள பைட்டோப்தோரா என்னும் பூசணம் போன்றவை கிழங்கைத் தாக்கி அழுகவைத்துவிடும், நீங்கள் சொன்ன துர்நாற்றம் அதுதான். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஐந்தில் நான்கு அழுகியதில் வியப்பே இல்லை, ஒன்று தப்பியதுதான் வியப்பு.

ஆகவே குழி எடுக்காமல் குவியல் போடுங்கள். மண்ணை மம்பட்டியால் ஓரடி ஆழம் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, மூடு ஒன்றுக்கு ஒரு கிலோ நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து, ஓரடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, அதன் உச்சியில் கம்பை இரண்டு அங்குலம் ஆழத்துக்கு நேராக ஊன்றுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழமாக ஊன்றினால் கிழங்கும் ஆழத்தில் இறங்கி, பிடுங்கும்போது பாதி மண்ணுக்குள் முறிந்து நின்றுவிடும். சரிவான விளையாக (தோட்ட நிலமாக) இருந்தால் குவியல்களைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அமைத்து, தண்ணீர் வழிய ஒரு சிறிய சால் விடுங்கள்.

மூன்றாவது, உரம். உயர் விளைச்சல் ரகங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 100 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்). மூன்றடி இடைவெளியில் ஹெக்டேருக்கு 12,000-க்குச் சற்று மேல் மூடுகள் வரும் என்பதால், உரத்தின் எடையில் ஒரு பகுதிதான் சத்து என்பதையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால் ஒரு மூட்டுக்கு அதன் ஆயுள் முழுமைக்கும் வேண்டியது ஏறத்தாழ 18 கிராம் யூரியாவும் 14 கிராம் பொட்டாஷும்தான். ஒரு பிடி யூரியா 40 கிராமாவது இருக்கும். ஆறு பிடி என்றால் 240 கிராம். தேவையைப்போலப் பதின்மூன்று மடங்கைக் கொடுத்திருக்கிறீர்கள், பொட்டாஷ் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்கவில்லை. தழைச்சத்து மிகுந்து சாம்பல்சத்து குறைந்தால் இலை செழிக்கும், கிழங்கில் மாவு குறையும், கசப்புக் கூடும். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை மரச்சீனி மூட்டில் கொட்டியது அடுப்பங்கரையைத் துப்புரவாக்க மட்டுமல்ல. சாம்பல் கிடைத்தால் நீங்களும் போடுங்கள், ஆனால் யூரியா போடும் நாளில் போடவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும்.

தழையையும் பொட்டாஷையும் பாதி நடும்போதும், மீதியை ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் களை பறித்து மண் அணைக்கும்போதும் கொடுங்கள். மணிச்சத்து முழுவதையும் நடும்போதே கொடுத்துவிடலாம். முளைகள் நான்கைந்து வந்தால், ஒரு மாதம் ஆனதும் எதிரெதிர்ப் பக்கங்களில் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை ஒடித்துவிடுங்கள். மண் அணைத்தபிறகு கிழங்குப் பகுதியில் மம்பட்டி படவே கூடாது.

பதில் 2: கம்பு சேகரிப்பவன்

விளைக்காரர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அவர் கம்பைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது எனக்கு மனக்குறை. மரச்சீனியில் கம்புதான் விதை. நாம் தின்பது வேர்க்கிழங்கு, உருளைக்கிழங்கைப் போலத் தண்டுக்கிழங்கு அன்று, அதனால் அதைப் புதைத்தால் முளைக்காது. கம்பில் இருக்கும் நன்மையும் தீமையும் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஐயா, உங்கள் செடியின் இலையில் கண்ட மஞ்சள் திட்டும் கோணலும் அழகு அன்று, தேமல் நோய். அது நச்சுயிரியால் வருவது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், ஆனால் ஊர் விட்டு ஊர் பரவுவது பெரும்பாலும் கம்பு வழியாகத்தான். பெயர் தெரியாத கம்புக் கட்டு லாரியில் வந்தால் அதனோடு நோயும் பயணச்சீட்டு இல்லாமல் வந்துவிடும். நோய்பட்ட செடிக்கு மருந்து கிடையாது. அந்தக் கம்புகளை வைத்திருந்தால் தயவுசெய்து எரித்துவிடுங்கள், வேலியில் ஊன்றிவிடாதீர்கள். பலர் வேலியில் ஊன்றிவிட்டு, அடுத்த ஆண்டு புதுக்கம்பு வாங்கி நட்டு, வேலியிலிருந்து நோய் திரும்பி வந்ததும் கம்பு விற்றவரைக் குறை சொல்கிறார்கள்.

நல்ல கம்பு எட்டு முதல் பத்து மாதம் முற்றிய, இலையில் திட்டு இல்லாத செடியிலிருந்து வரவேண்டும். செடியில் இலை நிற்கும்போதே போய்ப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. வெட்டிப் போட்ட கம்பைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. அடியில் மரம்போல் முற்றிய பகுதியையும் நுனியில் பச்சையாக இருக்கும் பகுதியையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியைக் கட்டைவிரலைவிடப் பருமனாகப் பார்த்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குத் துண்டாக்கவேண்டும். கூர்மையான கத்தியால் அடிப்பக்கத்தை வட்டமாக, நேராக வெட்டினால் சுற்றிலும் வேர் பிடித்துக் கிழங்கு நான்கு பக்கமும் விரியும். அரிவாளால் கொத்திச் சிதைத்த கம்பில் கிழங்கு ஒரு பக்கமாக ஒதுங்கும். இலைத்தழும்புக்கு மேலே மொட்டு இருக்கும் பக்கமே மேல்பக்கம். தலைகீழாக ஊன்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், முளைக்கும், ஆனால் தயங்கித் தயங்கி முளைக்கும். சரியாக நட்ட கம்பு ஒன்றரை வாரத்துக்குள் முளை காட்டவேண்டும். வெட்டிய கம்பை உடனே நட முடியாவிட்டால் துண்டாக்காமல் முழு நீளத்தில் நிழலில் நிமிர்த்திச் சாத்தி வையுங்கள். படுக்கப் போட்டு மழையில் நனையவிட்டால் செதில் பூச்சியும் பூசணமும் பிடிக்கும்.

இனி ரகம். உங்கள் கிழங்கின் கசப்புக்கு யூரியா ஒரு காரணம் என்றால், ரகம் இன்னொரு காரணமாக இருக்கலாம். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்காக எச்-226 போன்ற ரகங்களைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். ஆலைக்கு வேண்டியது மாவு, அடுப்புக்கு வேண்டியது சுவையும் குழைவும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் உங்கள் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. வீட்டுத்தேவைக்கு அங்கிருந்து வந்த ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா ஆகியவற்றை நான் பரிந்துரைப்பேன். இரண்டும் ஆறு, ஏழு மாதத்தில் எடுக்கக்கூடியவை, வேகவைத்தால் நன்றாக மலரும். மலேயாவிலிருந்து வந்த எம்-4 பழைய ரகம், விளைச்சல் குறைவு, பத்து மாதம் காத்திருக்கவேண்டும், உரமும் விளைக்காரர் சொன்ன அளவில் பாதி போதும். ஆனாலும் அதன் ருசிக்காகவே அதை விடாமல் வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. தேமல் மிகுந்த இடமென்றால் ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா போன்ற எதிர்ப்புத்திறன் உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

நல்ல கம்பு ஒன்றிரண்டே கிடைத்தாலும் மனம் தளரவேண்டாம். இரண்டு கணு உள்ள சிறு துண்டுகளாக வெட்டி, மெல்லிய வலையின் கீழ் நெருக்கமாக நட்டு, ஒரு மாதம் வளர்த்து, திட்டு காட்டும் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்றவற்றை விளையில் நடலாம். ஒரே கம்பிலிருந்து பத்துக்கு மேல் கன்றுகள் தேறும்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கேரளத்தில் கண்டறியப்பட்டது, அங்கிருந்து நம் மாநிலத்தின் மரவள்ளிப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. நுனிக்குருத்து கொத்தாகச் சுருண்டு, வெள்ளை மாவு படிந்ததுபோல் இருந்தால் அதுவே. கடும் மழையில் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் தொல்லை. சுருண்ட நுனியை ஒடித்து எரித்தால் வீட்டுத்தோட்டத்துக்குப் போதும். இதை ஒழிக்க ஆப்பிரிக்காவில் 1980-களில் பரப்பிய அதே சிறு ஒட்டுண்ணிக் குளவியை இங்கேயும் 2022-ல் விடத் தொடங்கினார்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

கேள்வியாளர்: கல்குளத்துப் புதுக்குடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நினைவுபடுத்திப் பார்த்தேன், விரல் பருமன் வேர் வந்த ஐந்தில் மூன்று பலாவின் கீழ் இருந்தவை, இரண்டு தென்னைக்கு இடையில். பதின்மூன்று மடங்கு என்ற கணக்கை மனைவியிடம் படித்துக் காட்டினேன், இரண்டு நாட்களாக அந்த எண்ணைச் சொல்லித்தான் என்னை அழைக்கிறார்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கசந்த கிழங்கை நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றுவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது உண்மையில் எவ்வளவு ஆபத்தானது? அடுத்து, பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வேலி தாண்டி வந்து இலையை மேய்கிறது. அதற்கு ஏதாவது ஆகுமா?

பதில் 3: வடமராட்சி அடுப்படி

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணம் உங்கள் ஊரைப்போல ஈரமான இடம் அன்று. ஆகையால் மரவள்ளி வளர்ப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அவிப்பதைப் பற்றி மாத்திரம் எழுதுகிறேன்.

மரவள்ளியின் ஒவ்வொரு பகுதியிலும் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது தனியே இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. கிழங்கை வெட்டும்போதோ, துருவும்போதோ, மெல்லும்போதோ, திசுவில் வேறிடத்தில் இருக்கும் ஒரு நொதியம் அதனுடன் சேர்ந்துவிடும். அப்போது வெளிப்படுவது ஐதரசன் சயனைட்டு. கிழங்கின் தசையைவிடத் தோலிலும், இலையிலும் இது மிகுதி. இனிப்பு ரகங்களில் தசையில் குறைவாகவும், கசப்பு ரகங்களில் தசையிலும் கூடுதலாகவும் இருக்கும். கசப்பு ஒரு நல்ல எச்சரிக்கை. உங்கள் துணைவியார் கிழங்கைக் கொட்டியது முற்றிலும் சரியான செயல், நான் அவர் பக்கம்.

நீங்கள் இரண்டு துண்டோடு நிறுத்தியதால் தப்பினீர்கள். வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் தலைச்சுற்றும் வாந்தியும் வரும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து, சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அப்படியான அறிகுறி கண்டால் கைமருந்து பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அவிக்கும் முறை இதுதான். வெளியில் உள்ள மண்ணிறத் தோலோடு, அதன் கீழுள்ள தடித்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பட்டையையும் முழுதாக உரித்துவிட வேண்டும். சிறு துண்டுகளாக்கி, நடுநரம்பை எடுத்துவிட்டு, தாராளமான பச்சைத்தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றவேண்டும். கொதிக்கிற நீரில் நேரே போடவேண்டாம், நொதியம் உடனே செயலிழந்து லினமாரின் அப்படியே நின்றுவிடும். பச்சைத்தண்ணீரிலிருந்து மெல்லச் சூடேறும்போது நொதியம் வேலை செய்ய நேரம் கிடைக்கும், உண்டாகும் சயனைட்டு ஆவியாகிப் போகும். அதற்காகவே பானையை மூடக்கூடாது என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. கொதித்து வந்ததும் அந்த நீரை வடித்து ஊற்றிவிட்டு, புதுநீரும் உப்பும் மஞ்சளும் சேர்த்து மறுபடி அவியுங்கள். வடித்த நீரைக் குழம்புக்கு எடுத்து வைக்கும் சிக்கனம் இதில் மட்டும் வேண்டாம். பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போடக்கூடாது. அவித்த பின்னும் கசந்தால் அதைச் சம்பலால் மறைக்கப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

எங்கள் நாட்டில் மரவள்ளி தின்ற அன்று இஞ்சி சேர்க்கக்கூடாது, இஞ்சித் தேநீர்கூடக் குடிக்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு, சிங்களவரும் தமிழரும் ஒன்றாகவே இதை நம்புகிறோம். நானும் பழக்கத்தால் கடைப்பிடிக்கிறேன். ஆனால் நஞ்சு இருப்பது கிழங்கில். இஞ்சியை மட்டும் விலக்கிவிட்டு நீரை வடிக்காமல் தின்பவர்கள் வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

ஆட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பச்சை இலையை வயிறு நிறைய மேய்ந்து ஆடும் மாடும் சாவது உண்டு. பக்கத்து வீட்டாரிடம் இன்றே சொல்லுங்கள், வேலியையும் அடைத்துவிடுங்கள். இலையை வெட்டி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும், காய்ந்ததைக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள்.

பதில் 4: தைப்பிங் மழை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் நகரம். எங்களுக்கு மழைக்காலம், வெயில்காலம் என்ற பிரிவு பெயரளவில்தான் உண்டு, ஆகவே ஈரத்தில் மரவள்ளி வளர்ப்பது பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வருவது நின்றுபோனபோது, தோட்டப்புறத்துத் தமிழர்களை உயிரோடு வைத்திருந்தது மரவள்ளிதான். என் தாத்தா அதன்பிறகு சாகும்வரை மரவள்ளியை வாயில் வைக்கவில்லை. ஆனால் அதை எப்படி நடுவது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

விளைக்காரர் ஐயா இரண்டு தண்டு விடச் சொன்னார். என் அனுபவத்தில், ஓயாத மழையும் வளமான மண்ணும் உள்ள இடத்தில் ஒரே தண்டு விடுவது நல்லது. இரண்டு விட்டால் இலை அடர்ந்து அடியில் காற்று ஓடாமல், கீழ் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிடுகிறது. மெலிந்த மண்ணில் இரண்டு தண்டு தாங்கும்.

என் முக்கியமான கருத்து அறுவடையைப் பற்றியது. புதுக்குடி ஐயா எல்லா மூடுகளையும் ஒரேயடியாகப் பிடுங்கியதாக எழுதியிருக்கிறார். வீட்டுத்தோட்டத்தில் அதற்குத் தேவையே இல்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்பு நரம்பு ஓடிக் கெட்டுவிடும், மரவள்ளிக்கு மண்தான் குளிர்பதனப் பெட்டி. மாதத்துக்கு நான்கு, ஐந்து மூடாக இடைவெளி விட்டு நடுங்கள், முற்றிய வரிசைப்படி வாரம் ஒரு மூடு பிடுங்குங்கள். அதுவும் மிகுதி என்றால், மூட்டுக்கு அருகே மண்ணைக் கையால் விலக்கி ஒரே ஒரு கிழங்கை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டு, மறுபடி மண்ணை மூடிவிடலாம். மற்றவை தொடர்ந்து பருக்கும். இப்படி நடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு, உங்களிடம் எப்போதும் முற்றிய கம்பு இருக்கும், வெளியூர் லாரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் முற்றியதை நெடுநாள் மண்ணிலேயே விட்டுவைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்கள் ஈரத்தில் பத்து மாதத்தைத் தாண்டினால் நார் ஏறிவிடும், அழுகலும் தொடங்கிவிடும். பிடுங்கியது மிஞ்சினால் தோலுரித்து, துண்டாக்கி, உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், சுவை பெரிதாகக் குறையாது.

பதில் 5: விளைக்காரன்

தைப்பிங் நண்பர் சொன்ன ஒற்றைத் தண்டை நானும் இந்த முறை நான்கைந்து மூட்டில் சோதித்துப் பார்க்கிறேன். மாதந்தோறும் நடுவது மட்டும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. பிப்ரவரி, மார்ச்சில் நட்டால் கம்பு மண்ணிலேயே காய்ந்துபோகும், குடத்தில் தண்ணீர் சுமக்கவேண்டிவரும். நம் பக்கம் இரண்டு நடவுதான் சரி. ஒன்று, ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை கோடைமழை பெய்து மண் நனைந்ததும் நடுவது. ஜூன் மழை வலுக்கும்போது செடி வேரூன்றி நின்றுவிடும். நீங்கள் மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே நட்டதால்தான் இரண்டு கம்பு பட்டுப்போயிருக்கவேண்டும். மற்றொன்று, செப்டம்பர், அக்டோபர் நடவு. இரண்டு நடவிலும் ஆறு மாத ரகம் கொஞ்சமும் பத்து மாத ரகம் கொஞ்சமும் கலந்து நட்டால், ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் கிழங்கு கையில் இருக்கும்.

கிழங்கு குழையாமல் போனதற்கான காரணத்தை நாங்கள் எவரும் முழுமையாகச் சொல்லவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். கோடையில் இலை உதிர்த்து நிற்கும் செடி, புதுமழை விழுந்ததும் துளிர்விடும். அந்தத் துளிருக்கு வேண்டிய உணவைக் கிழங்கிலுள்ள மாவை உடைத்துத்தான் அது எடுக்கிறது. அந்த நேரத்தில் பிடுங்கிய கிழங்கு நீர்த்து, கண்ணாடிபோல் இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் மலராது. நீங்கள் ஜூனில், மழை தொடங்கி ஒரு வாரத்தில் பிடுங்கினீர்கள் அல்லவா? பத்து நாள் முன்பு, மே மாத வெயிலில் பிடுங்கியிருந்தால் அந்த மூன்று மூடாவது வேகவைத்து மசித்து மயக்குவதற்கு உதவியிருக்கும். கீழிலைகள் பழுத்து உதிர்ந்து, மூட்டைச் சுற்றி மண் வெடித்திருப்பது முற்றியதற்கு அடையாளம், அதைக் கண்டதும் மழை வருமுன் எடுத்துவிடுங்கள்.

அழுகிய இடத்தில் இந்த ஆண்டு மரச்சீனி வேண்டாம். அழுகிய கிழங்கை வாரியெடுத்து அப்புறப்படுத்துங்கள், மக்குக்குழியில் போடாதீர்கள். அந்தப் பின்சுவர் ஓரத்துக்குச் சேம்பு பொருத்தம், அதற்குக் கூரைத்தண்ணீர் பிடிக்கும். நிழலில் சேனையோ இஞ்சியோ நடலாம். வெயில் விழும் இடத்தில் மரச்சீனி நட்டபின், முதல் மூன்று மாதம் இடைவெளியில் தட்டைப்பயறு விதைத்தால் களையும் அடங்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

கடைசியாகப் பெருச்சாளி. கிழங்கு பருக்கத் தொடங்கும் நான்காம் மாதத்திலிருந்து இரவில் தோண்டும். மேலே செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் அடியில் வெறும் தோல்தான் இருக்கும். மூட்டைச் சுற்றிப் புல்லும் சருகும் அடையவிடாமல் வெறுமையாக வைத்திருங்கள், வேலியோரத்து வளைகளைத் தேடி அடையுங்கள். வேறு உறுதியான வழி எங்கள் விளையிலும் இல்லை.

ஸ்ரீ விஜயாக் கம்பு என்னிடம் இருக்கிறது, திட்டு இல்லாத செடிகள். ஏப்ரலில் பிடுங்கும்போது பத்துக் கம்பு உங்களுக்காக எடுத்துச் சாத்தி வைக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒருநாள் வந்து, செடியில் இலை நிற்கும்போதே உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.